இலவசமாகக் கொடுத்த மென்பொருளுக்கு நான் எதுவரை பொறுப்பு?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து 33 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வேலை தேடிக்கொண்டிருந்த 2016இல் அவர் ஒரு சிறிய வெப் ஃபிரேம்வொர்க்கை எழுதத் தொடங்கினார். பயனர் உள்நுழைவது, படிவத்தைச் சரிபார்ப்பது, தரவுதளத்திலிருந்து எடுப்பது என்று எந்த இணையதளத்துக்கும் பொதுவான வேலைகளை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்தால், மற்றவர்கள் அதன் மேல் தங்கள் தளத்தைக் கட்டிக்கொள்ளலாம். அதை எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். 2019இல் புதுச்சேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். இத்தனை ஆண்டுகளில் 40 பேருக்கு மேல் நிரல் எழுதி உதவியிருக்கிறார்கள். இன்று பராமரிப்பவர் அவர் ஒருவர் மட்டுமே. திருத்தப்படாமல் நிற்கும் வழுக்கள், அதாவது நிரல் பிழைகள், 212. மகள் தூங்கிய பிறகு இரவு 10 மணி முதல் 1 மணி வரை அந்த வேலைதான்.

இப்போது நான்கு பக்கமிருந்து நெருக்கடி. அவர் வெளியிட்ட புதிய பதிப்புக்கு மாறியதால் தங்கள் விற்பனைத் தளம் இரண்டு நாள் முடங்கியது என்று ஓர் ஐரோப்பிய நிறுவனம் நஷ்ட ஈடு கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், ஒருவருடைய கணக்கில் இன்னொருவர் நுழைய வழிவிடும் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்துத் தனியாகத் தெரிவித்திருக்கிறார். இதை அறிந்த அலுவலகம், 'முதலில் நம் வாடிக்கையாளர்களுக்குச் சரிசெய், ஆறு மாதம் வெளியில் மூச்சு விடாதே' என்கிறது. கூடவே ஃபிரேம்வொர்க்கின் முழு உரிமையையும் நிறுவனத்துக்கு எழுதித்தரச் சொல்லி ஒரு தாளையும் நீட்டியிருக்கிறது. நான்காவதாக, நான்கு மாதமாக நல்ல திருத்தங்கள் அனுப்பிவரும் முகம் தெரியாத ஒருவர், 'நீங்கள் களைத்துவிட்டீர்கள், வெளியிடும் அதிகாரத்தை என்னிடம் தாருங்கள்' என்று கேட்கிறார்.

"ஒரே இரவில் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த மாவட்டத்தில் பிறந்துவிட்டு நான் மட்டும் எப்படி மூடிவிட்டுப் போவது?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கையும் ஒரே முடிச்சாகப் போட்டு, குற்றவாளிக் கூண்டில் நீங்களே ஏறி நின்றுகொண்டிருக்கிறீர்கள். இறங்கி வாருங்கள், ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

பதிப்புரிமை வழக்குகளையும் பணி ஒப்பந்த வழக்குகளையும் பார்க்கிற வழக்கறிஞர் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கொடுத்த நிரலில் வரும் வழுக்களைத் திருத்தித் தந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே சமயம், ஆபத்தான ஓட்டை இருப்பது தெரிந்த பிறகு அதை மூடி மறைப்பதற்கு அந்தச் சலுகை நீளாது. கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து வருவதுதான்.

நஷ்ட ஈடு கேட்கும் மின்னஞ்சல்

சித்திரை வெயிலில் தெருமுனையில் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறீர்கள். ஓட்டல்காரர் ஒருவர் தினமும் குடம் குடமாக எடுத்துப்போய்த் தன் கடைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். ஒருநாள் பானை காலியாக இருக்கிறது. உங்களால் வியாபாரம் கெட்டது என்று அவர் சண்டைக்கு வந்தால் ஊர் யார் பக்கம் நிற்கும்? சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

எம்.ஐ.டி. உரிமத்தின் கடைசிப் பத்தி, மென்பொருள் உள்ளது உள்ளபடியே, எந்த உத்தரவாதமும் இன்றித் தரப்படுகிறது என்றும், அதனால் வரும் இழப்புக்கு எழுதியவர் பொறுப்பல்ல என்றும் சொல்கிறது. அந்த நிபந்தனையோடுதான் அந்த நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்கூட, கட்டணமின்றிச் செய்யப்படும் சேவையை 'சேவை' என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ஐரோப்பா என்றதும் பயந்திருக்கிறீர்கள். மென்பொருள் பாதுகாப்புக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சைபர் மீள்திறன் சட்டமும், வணிக நோக்கமின்றித் திறந்த மூல மென்பொருள் (மூல நிரலை யாரும் பார்த்து எடுத்தாளும்படி வெளியிடப்படுவது) தரும் தனிமனிதர் மீது உற்பத்தியாளருக்குரிய சுமையை ஏற்றவில்லை.

ஒரு பெரிய வழக்கை நினைவுபடுத்துகிறேன். ஸ்ட்ரட்ஸ் என்பதும் உங்களுடையதைப் போன்ற திறந்த மூல வெப் ஃபிரேம்வொர்க்தான். அதில் இருந்த மோசமான ஓட்டைக்கான திருத்தத்தைப் பராமரிப்பாளர்கள் 2017 மார்ச்சில் வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் தன் தளத்தில் அந்தத் திருத்தத்தைச் சேர்க்கவில்லை. மே மாதம் முதல் திருடர்கள் உள்ளே புகுந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தகவல்களை அள்ளிச் சென்றார்கள். 2019இல் குறைந்தது 57.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது ஈக்விஃபேக்ஸ். திருத்தத்தை எழுதிக் கொடுத்த தன்னார்வலர்கள் யாரும் அந்தப் பணத்தைக் கட்டவில்லை.

அதனால் அவர்களுக்கு நான்கு வரியில் பதில் போதும். சிரமத்துக்கு வருத்தம் தெரிவியுங்கள், எந்த மாற்றத்தால் தளம் நின்றது என்று விளக்குங்கள், உரிம வாசகத்தைச் சுட்டிக்காட்டுங்கள். 'என் தவறுதான், ஈடுசெய்கிறேன்' என்ற பாணியில் ஒரு சொல்லும் வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் என்று ஒன்று வந்தால் மட்டும் அலட்சியம் செய்யாமல் உரிய காலத்தில் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு யாரிடமாவது மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆதரவு தர ஒப்புக்கொண்டால் கதை வேறு. அங்கே நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான் பேசும்.

அந்த ஓட்டை

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது இதுதான். பந்தலில் தண்ணீர் தீர்ந்தால் உங்களைக் கேட்க ஆளில்லை. பானைக்குள் பல்லி விழுந்ததைப் பார்த்த பிறகும் மூடிபோட்டு வைத்துக் குவளையை நீட்டினால் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உரிமத்தின் உத்தரவாதமின்மை வாசகம் தெரியாமல் நேர்ந்த பிழைக்கான கவசம். தெரிந்தே மறைத்தவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள எந்த நீதிமன்றமும் எளிதில் விடாது.

உங்கள் மேலாளர் கேட்கும் ஆறு மாதம் நடைமுறையிலும் நிற்காது. கண்டுபிடித்தவர் பராமரிப்பாளருக்குத் தனியாகச் சொல்லிவிட்டு 90 நாள் பொறுத்திருந்து, பிறகு தானே வெளியிடுவது இந்தத் துறையில் பரவலாக உள்ள வழக்கம். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு பின்பற்றிப் பரவச் செய்த கணக்கு அது. உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது. அவர் வாயைப் பூட்டும் அதிகாரம் உங்கள் அலுவலகத்துக்கு இல்லை. சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்ற யோசனையும் அப்படித்தான். திருத்திய நிரல் பொதுவெளிக்கு வந்த நிமிடமே, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவனுக்கு ஓட்டை எங்கே என்று விளங்கிவிடும். திருடனுக்குத் தெரிந்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கும் நிலை எல்லாவற்றிலும் மோசமானது.

பெரிய திட்டங்கள் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். ஜாங்கோ 2005 முதல் பொதுவில் இருக்கிற ஃபிரேம்வொர்க். பாதுகாப்பு வழுக்களைப் பொதுப் பட்டியலில் எழுதாமல் தனி முகவரிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். திருத்தம் தயாரானதும், வெளியிடுவதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, அதை வினியோகிக்கும் சிலருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்கிறார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே நாளில். உங்கள் அலுவலகத்துக்கும் ஒரு வாரம் முன்னதாகத் திருத்தத்தைத் தருவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆராய்ச்சியாளரிடம் அதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஆறு மாதம் என்பது முன்னறிவிப்பு ஆகாது, பதுக்கல்.

வேலையின் வரிசை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் பதற்றத்தில் கைவிட்டுவிடக்கூடாது என்பதால் சொல்கிறேன். ஓட்டையைத் தனிக் கிளையில் (நிரலின் தனிப் பிரதியில்), யார் கண்ணிலும் படாமல் சரிசெய்யுங்கள். முதலில் அந்தத் தாக்குதல் பலிக்கிறது என்று காட்டும் சோதனையை எழுதி, திருத்திய பிறகு அது பலிக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய பதிப்புகளில் எவற்றுக்குத் திருத்தம் தரமுடியும் என்று முடிவெடுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை உலக அளவில் அடையாளம் காட்டும் சி.வி.இ. எண்ணுக்கு விண்ணப்பியுங்கள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் வழியாகவே கேட்கலாம், நம் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் அந்த எண்ணை வழங்கும் தகுதி பெற்றது. அறிவிப்பில் பாதிக்கப்பட்ட பதிப்புகள் எவை, ஆபத்து எவ்வளவு, மாற முடியாதவர்கள் தற்காலிகமாக என்ன செய்யலாம் என்று எழுதி, கண்டுபிடித்தவருக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். வாரத்தின் நடுவில் வெளியிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலையும் பண்டிகைக்கு முந்தைய நாளும் வேண்டவே வேண்டாம்.

கையெழுத்துக் கேட்கும் தாள்

"வீட்டில் எழுதியது, ஆகவே முழுக்க என்னுடையது" என்கிறீர்கள். இங்கே உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே பார்க்கிறது. அதன் 17ஆவது பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின்கீழ் பணியின் போக்கில் உருவாகும் படைப்புக்கு, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். 2016 முதல் 2019 வரை எழுதியதில் நிறுவனத்துக்கு ஒரு துளியும் உரிமை இல்லை. அதன் பிறகு இரவில், சொந்தக் கணினியில், அலுவலகப் பணியோடு தொடர்பில்லாமல் எழுதியதற்கும் உங்கள் வாதம் வலுவானது. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அலுவலகத் திட்டம் ஒன்றில் தடங்கல் வந்தபோது அலுவலக நேரத்தில், அலுவலக மடிக்கணினியில் சில வழுக்களைத் திருத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திருத்தங்கள் நிறுவனத்துடையவை என்று அவர்கள் வாதிட இடமிருக்கிறது. உங்கள் பணி நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாவற்றுக்கும் உரிமை கோரும் வாசகம் அதில் இருக்கலாம்; பலர் படிக்காமலே கையெழுத்திட்டிருப்பார்கள்.

அடுத்தது அந்தத் தாள். பதிப்புரிமையை எழுதிக்கொடுப்பதற்கு 19ஆவது பிரிவு சில நிபந்தனைகளை வைக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்தெந்த நாடுகளுக்கு, என்ன தொகை என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய நகலில் காலமும் இல்லை, தொகையும் இல்லை. யாரோ அவசரமாகத் தட்டச்சு செய்த தாள் அது.

அதைவிட முக்கியம், அந்த 40 பேர். அவர்கள் எழுதிய வரிகளின் பதிப்புரிமை, வேறு ஏதும் எழுதிக்கொடுத்திராவிட்டால், அவர்களிடமே இருக்கிறது. கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலத்தைப் பங்காளிகள் கையெழுத்து இல்லாமல் ஒருவர் மட்டும் கிரயம் செய்துகொடுத்தால் என்ன ஆகும் என்று கடலூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலாளரிடம் இதை அமைதியாகச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தேவையானது ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் உரிம அறிவிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும், எம்.ஐ.டி. உரிமத்தில் அவர்கள் தங்கள் வணிகத் தயாரிப்பில் அதைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுத்தால் வேலை போகுமோ என்ற அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் உங்கள் பக்கம் இருப்பதும் மாதச் சம்பளம் தொடர்ந்து வருவதும் வெவ்வேறு விஷயங்கள், வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. ஆகையால் மறுப்போடு போகாமல் ஒரு மாற்றுத் திட்டத்தோடு போங்கள். நிறுவனத்தின் தயாரிப்பு உங்கள் ஃபிரேம்வொர்க்கின் மேல் நிற்கிறது. வாரம் ஐந்து மணி நேரம் அலுவலகப் பணியாகவே அதைப் பராமரிக்க அனுமதி கேளுங்கள். அந்த நேரத்தில் எழுதுவது அதே எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியாகும் என்றும், மற்றவற்றில் நிறுவனம் உரிமை கோராது என்றும் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக நேரத்தில் முன்பு செய்த திருத்தங்களுக்கும் அதே கடிதத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால் பழைய கறையும் கழுவப்படும்.

சாவி கேட்பவர்

2024 மார்ச் இறுதியில் உலகமே ஒரு மயிரிழையில் தப்பியது. லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்.இசட். என்ற சிறு கருவியை ஒரே ஒருவர் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தார், உங்களைப் போலவே களைத்தவர். ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்றார். வேறு சில பெயர்களிலிருந்து 'வேலை தாமதமாகிறது, இன்னொருவரைச் சேர்த்துக்கொள்' என்ற அழுத்தமும் வந்தது. வெளியிடும் அதிகாரம் கைக்கு வந்த பிறகு, தொலைவிலிருந்து கணினிக்குள் புகும் கள்ளவழி ஒன்றை அந்த ஆள் உள்ளே வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் வெளிப்பட்டது.

உங்களுக்குத் திருத்தங்கள் அனுப்புகிறவர் நல்லவராகவே இருக்கலாம், பெரும்பாலானோர் நல்லவர்களே. ஆனாலும் முகம் பார்க்காத, குரல் கேட்காத ஒருவருக்கு நான்கு மாதப் பழக்கத்தில் வெளியிடும் சாவியைத் தராதீர்கள். வழுக்களைத் தரம் பிரிக்கும் பொறுப்பைத் தாருங்கள், அவர் எழுதுவதை நீங்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்துப் பேசக்கூடிய ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உங்கள் 212 வழுக்களின் பட்டியலை அவர்கள் முன் விரித்து வையுங்கள். கற்றுக்கொள்ளத் துடிக்கும் மாணவர்களுக்கு எளிய வழுக்களைவிட நல்ல பாடம் கிடையாது.

அணையா அடுப்பு

ஒரே இரவில் அழிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிட்ஹப்பிலிருந்து உங்கள் நிரல் களஞ்சியத்தை நீக்குவது குற்றமல்ல. ஆனால் 2016இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவர் கோபத்தில் அதை நீக்கியபோது, நேரடியாகவோ மறைமுகமாகவோ அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் முடங்கின. அழிவு வேலை செய்யும் ஒரு பதிப்பை வேண்டுமென்றே வெளியிடுவது அதைவிடப் பாரதூரமானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆவது பிரிவுகளை உங்கள்மீது பிரயோகிக்க அது வழிவிடும். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். நள்ளிரவு ஒரு மணிக்கு எடுக்கும் முடிவாக இது இருக்கவே கூடாது.

நிறுத்துவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, ஒழுங்கான வழியும் உண்டு. ஜாங்கோ எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது, நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மட்டும் மூன்று ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருகிறது, மற்றவை அதற்கு முன்பே காலாவதி ஆகின்றன. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பராமரிக்கும் திட்டமே எல்லை வைத்திருக்கும்போது, தனி ஆளாகிய நீங்கள் 2016இன் பதிப்புக்கும் இன்றுவரை திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசிப் பதிப்புக்கு மட்டுமே ஆதரவு, பதிலுக்கு இரண்டு வாரம் ஆகலாம், புதிய வசதிகள் இப்போதைக்கு இல்லை என்று முகப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்த 212இல் மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியாதவற்றையும் பழைய பதிப்புக்கு உரியவற்றையும் காரணம் எழுதி மூடுங்கள். பாதிக்கு மேல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

வடலூரைச் சொன்னீர்கள். 1867 மே 23 அன்று தருமச்சாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு அது. 1874 தையில் அவர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்ட பிறகும் எரிந்தது, இன்றும் எரிகிறது. யாரோ அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்குகிறார்கள், யாரோ காய் நறுக்குகிறார்கள், யாரோ விறகு தள்ளுகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக அங்கே ஒருவர் மட்டும் கண்விழித்துக்கொண்டிருக்கவில்லை. நீங்கள் தேடிய உதாரணம் சரியானதே, அதில் உங்களை மட்டும் தவறான இடத்தில் நிறுத்திக்கொண்டீர்கள். அரிசி கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். திறந்த மூலத் திட்டங்களுக்கு உதவ, பங்கு வர்த்தகத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024இல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கி ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கியிருக்கிறது. உங்கள் திட்டம் சிறியது, கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

அலுவலகத் தாளில் இந்த வாரம் கையெழுத்திடாதீர்கள், வழக்கறிஞரிடம் காட்ட அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்நியருக்குப் பதில் அடுத்த வாரம் போகலாம், ஐரோப்பிய நிறுவனத்துக்கு அதற்கும் அடுத்த வாரம். ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மட்டும் மூன்று வாரமாக உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார். கடிதம் கிடைத்தது, திருத்திக்கொண்டிருக்கிறேன், இன்ன தேதிக்குள் வெளியிடுவேன் என்று மூன்று வரி போதும். அதை இன்று இரவு 10 மணிக்கு எழுதி அனுப்பிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குங்கள்.